பாமினியிலிருந்து பைத்தானுக்கு: யாழ்ப்பாணத் தமிழ்ப் பனுவலும் வலைமென்பொருட் கூறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தமிழ்ப் பனுவலைப் பொறியில் ஏற்றியவர்கள், மிஷன் அச்சகக் காலம் முதல் இன்றைய வலைத்தளக் காலம் வரை, தமக்கு வேண்டிய கருவியை முழுமையாகத் தாமே செய்துகொண்டது குறைவு. வேறிடங்களில் வேறு தேவைகளுக்காக உருவான உறுப்புகளைத் தெரிந்தெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, தமிழுக்கு இணங்கச் செய்ததே அதிகம். 1820இல் அமெரிக்க மிஷன் அனுப்பிய அச்சாளர் ஜேம்ஸ் கரற்றை நாட்டில் தங்கவிட ஆளுநர் மறுத்தமையால் அம்மிஷனின் அச்சுப்பொறி நல்லூரிலிருந்த சேர்ச் மிஷனரிமாரின் கைக்குப் போனதும், 1834இல் ஈ. எஸ். மைனர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் நிலைபெற்றதும், 1841இல் ‘உதயதாரகை’ இதழும் 1842இல் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியும் அதன் வெளியீடுகளாக வந்ததும், 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தமது அச்சியந்திரசாலையை நிறுவியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்ட வரலாறு. அதன் தொடர்ச்சியாக அமைந்த கணினிக் கால வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அச்சகத்தார் எழுத்தைத் தெரிவுசெய்த இடத்தில் இக்காலத்தார் நிரற்கூறுகளைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அத்தெரிவுகளுள் பைத்தான் என்னும் நிரல்மொழிக்குரிய கூறுகள் பெற்ற இடமும் பெறாத இடமும் இங்கு ஆராயப்படுகின்றன.

கூறு என்பது, ஒரு வேலையை மட்டும் செய்யும்படி எழுதப்பட்டு, பிறர் தம் நிரலில் அப்படியே சேர்த்துக்கொள்ளத்தக்க வகையில் வெளியிடப்படும் மென்பொருட் பகுதியாகும். உலாவி அனுப்பும் முகவரியைப் படித்து எப்பகுதி பதிலளிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கும் கூறு, தரவுத்தளத்தோடு பேசும் கூறு, பக்கத்தின் வார்ப்புருவில் தரவை நிரப்பும் கூறு, பயனர் நிரப்பிய படிவத்தைச் சரிபார்க்கும் கூறு எனச் சிறியதொரு வலைத்தளத்துக்கும் குறைந்தது நான்கு வேண்டும். இவற்றை யாரேனும் முன்கூட்டியே பொருத்தி ஒரே பொதியாகத் தந்தால் அது ஃபிரேம்வொர்க் எனப்படும் சட்டகம். எனவே வலைத்தளம் கட்டுவோர்முன் எப்போதும் இரண்டு வழிகள் உண்டு: பிறர் பொருத்தித் தந்ததை ஏற்பது, அல்லது நல்லவை எனத் தோன்றும் கூறுகளைத் தனித்தனியே எடுத்துத் தாமே பொருத்துவது.

குடாநாட்டில் இத்தெரிவு எழுவதற்கு முன்னரே தமிழ்ப் பனுவல் கணினியில் ஏறிவிட்டது. அது ஏறிய விதம் பின்வந்த எல்லாவற்றையும் பாதித்தது. 1990 முதல் போரினால் ஆண்டுக்கணக்கில் பொது மின்விநியோகம் இல்லாதிருந்து, பற்றரி முதலாய பொருள்கள் தடைப்பட்டியலில் இருந்த சூழலில் கணினி அரிய பொருளாகவே இருந்தது என்றாலும், பத்திரிகை, பதிப்பு, அலுவலகம் ஆகிய இடங்களில் அது நுழைந்தபோது தட்டச்சின் வழியே நுழைந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழ்த் தட்டச்சுக்கு மிகப் பரவலாகப் பயன்பட்டது பாமினி என்னும் எழுத்துரு. அது தமிழுக்கெனத் தனிக் குறியீட்டெண்களைக் கொண்டதன்று. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டினால் திரையில் ‘தமிழ்’ தெரியும். கோப்பினுள் இருப்பதோ அந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமே.

அச்சிடுவதற்கு இது போதுமானதாக இருந்தது; தாளில் விழுவது வடிவம் மட்டுமே என்பதால், உள்ளே என்ன எண் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வலைத்தளத்தில் இடப்பட்டு, தேடப்பட்டு, வரிசைப்படுத்தப்பட வேண்டியபோது இம்முறையின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ‘கொழும்பு’ என்னும் சொல் பாமினியில் ஒற்றைக்கொம்பு, க, கால், ழு, ம, புள்ளி, பு என ஏழு குறிகளாக, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே சேமிக்கப்படுகிறது. யுனிகோட் எனப்படும் ஒருங்குறியிலோ ஒலிப்பொழுங்கே விதி: முதலில் க, அடுத்து ஒகரக் குறி, அதன்பின் ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என எட்டு. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நிரல், ஒவ்வொரு குறியையும் அதன் இணைக்குறியால் ஈடுசெய்தால் மட்டும் போதாது. கொம்பை மெய்க்குப் பின்னே தள்ளி, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்க வேண்டும். இன்னும் ஒரு சிக்கல் நுண்ணியது. கால் வடிவத்தின்மேல் புள்ளி வைத்தால் அது ‘ர்’ போலவே தோன்றும் என்பதால் பாமினியில் ‘ர்’ பெரும்பாலும் அப்படியே தட்டப்பட்டது. அதனால் ஒரே குறி சில இடங்களில் காலாகவும் சில இடங்களில் ரகரமாகவும் வாசிக்கப்பட வேண்டும். நீண்ட கோவைகளை முதலில் மாற்றி, குறுகியவற்றைப் பின்னர் மாற்றும் விதியொழுங்கு இல்லாத மாற்றி, ‘மலர்’ என்பதைக் காலும் புள்ளியும் ஒட்டிய பொருளற்ற கோவையாக்கிவிடும். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால் எழுத்துரு விவரம் இழந்த வெறும் பனுவலில் அதைத் தமிழிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. குடாநாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இரண்டு தசாப்தங்களாகச் சேர்ந்த கோப்புகளில் பெரும்பங்கு இந்த நிலையில்தான் வலைக்காலத்தை வந்தடைந்தது.

அதே தசாப்தங்களில் மேற்கே பைத்தானின் வலைக்கூறுகள் உருவாகிக்கொண்டிருந்தன. அம்ஸ்ரர்டாமில் கீடோ வான் ரோசம் எழுதிய இம்மொழி 1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதில் எழுந்த முதல் பெரிய வலைச்சட்டகம், அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் இயங்கிய டிஜிற்றல் கிரியேஷன்ஸ் நிறுவனம் 1998இல் திறந்த மூலமாக்கிய சோப். அது தனக்கென ஒரு தரவுத்தளம், தனக்கென ஒரு வழங்கி, தனக்கென ஒரு வார்ப்புரு மொழி என அனைத்தையும் தன்னகத்தே கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் கழற்றி வேறொன்றில் மாட்டுவது எளிதன்று. அதன் கனம் பிடிக்காதவர்கள் தத்தம் சிறு சட்டகங்களை எழுதத் தொடங்கியதால், பைத்தான் மொழியின் சிறப்புச் சொற்களைவிட அதன் வலைச்சட்டகங்கள் எண்ணிக்கையில் அதிகம் என்னும் கேலி பரவியது. கேலிக்குள் ஒரு குறை இருந்தது. ஒரு சட்டகத்துக்காக எழுதப்பட்ட வழங்கி மற்றொரு சட்டகத்துக்குப் பயன்படவில்லை.

இதைத் தீர்த்தது புதிய சட்டகம் அன்று, ஓர் ஒப்பந்தம். 2003 டிசெம்பரில் பிலிப் ஜே. ஈபி முன்வைத்த விஸ்கி என்னும் இடைமுக வரையறை, வழங்கியும் செயலியும் சந்திக்கும் இடத்தில் என்ன கைமாற வேண்டும் என்பதை மட்டும் சொன்னது: வழங்கி, கோரிக்கையின் விவரங்களை ஓர் அகராதி வடிவத் தரவாகவும், பதிலைத் தொடங்குவதற்குரிய ஒரு செயற்கூறையும் தரும், செயலி, பதிலைப் பைட்டுகளின் தொடராகத் திருப்பித் தரும். இவ்வளவே. இந்தச் சிறு உடன்பாட்டுக்குப் பின்னர் எந்த வழங்கியையும் எந்தச் சட்டகத்தோடும் சேர்க்க முடிந்தது; அதே 2003இல் தொடங்கிய பைபை என்னும் பொதுக் களஞ்சியம், கூறுகளைத் தேடிப் பெறும் இடமாக வளர்ந்தது. தமிழ் நோக்கிலிருந்து கவனிக்க வேண்டிய சொல் அவ்வரையறையில் ஒன்று உண்டு, பைட்டு. எழுத்து எதுவாயினும் கணினிகளுக்கிடையே அது பைட்டுகளாகவே செல்லும் என்பதால், தமிழ் எங்கே பைட்டாக மாறுகிறது, எங்கே மீண்டும் எழுத்தாகிறது என்பதைத் தெளிவாகக் கையாளாத கூறு தமிழ் வலைத்தளத்தில் என்றோ ஒருநாள் உடையும்.

2005ஆம் ஆண்டு இரு வரலாறுகளும் அருகருகே வரும் ஆண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லோறன்ஸ் என்னும் சிறு நகரத்தின் செய்தித்தாள் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலவாற்றி, சைமன் வில்லிசன் ஆகியோர் தொடங்கிய ஜாங்கோ சட்டகம் அவ்வாண்டு யூலையில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு கெவின் டாங்கூர் வெளியிட்ட ரேர்போகியர்ஸ் நேரெதிரான வழியில் சென்றது. ஜாங்கோ தன் கூறுகளையெல்லாம் தானே எழுதிக்கொண்டது. ரேர்போகியர்ஸோ வழங்கிப் பகுதிக்கு செரிபை, தரவுத்தளத்துக்கு எஸ்.கியூ.எல். ஒப்ஜெக்ற், வார்ப்புருவுக்கு கிட், உலாவிப் பகுதிக்கு மோச்சிகிட் என அன்று சிறந்தவை எனப்பட்ட நான்கையும் எடுத்துப் பொருத்தியது. விளைவு படிப்பினைக்குரியது. சில ஆண்டுகளில் தரவுத்தளக் கூறுகளுள் 2006இல் வந்த எஸ்.கியூ.எல். அல்கெமி முந்தியது, கிட்டின் இடத்தை ஜென்ஷி பிடித்தது, ரேர்போகியர்ஸின் இரண்டாம் தலைமுறை பைலன்ஸ் என்னும் வேறொரு சட்டகத்தின்மேல் கட்டப்பட்டது. சிறந்தவற்றைத் தெரிவு செய்தோரே அத்தெரிவுகளை மாற்ற வேண்டியவராயினர்; அவர்களை நம்பித் தளம் கட்டியோர் தம் தளத்தை மீண்டும் எழுத வேண்டியவராயினர். ஜாங்கோவில் அவ்வளவு நேர்த்தியற்ற பகுதிகள் பல இருந்தும் அது நிலைத்தது. தரவை உள்ளிடும் நிருவாகப் பக்கத்தைத் தரவு வரையறையிலிருந்து தானாகவே ஆக்கித் தரும் அதன் வசதி, நிரல் எழுதாத செய்தியாளரையும் முதல் நாளே வேலைசெய்ய வைத்தது என்பது அதற்கு முக்கியமான காரணம்.

அதே 2005இல், தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோரின் முன்முயற்சியில் ஈழத்து நூல்களை மின்வடிவில் பாதுகாக்கும் ‘நூலகம்’ திட்டம் தொடங்கியது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த நினைவும், அவ்வேளையில் ‘ஈழநாடு’ நாளிதழ் அலுவலகமும் எரிந்த நினைவும், அச்சுப்படி ஒன்றை மட்டும் நம்புவதன் ஆபத்தை இப்பணியின் பின்னணியில் நிறுத்தியிருந்தன. 2002இன் போர்நிறுத்தத்தோடு திறந்த, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. நூல்களும் ஆட்களும் எளிதில் நகர முடியாத ஆண்டுகளில் இத்திட்டம் வளர்ந்தது. அது தன் தளத்துக்கு எடுத்துக்கொண்டது ஜாங்கோவையும் அல்ல, தனித்தனிக் கூறுகளையும் அல்ல, பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டு விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் முழுமையான மென்பொருளை.

தொழினுட்பத் தூய்மை பேசுவோருக்கு இது விந்தையாகப் படலாம். நூற்பட்டியல் என்பது ஆசிரியர், பதிப்பாண்டு, பதிப்பகம், பக்கம் எனக் களங்களாகப் பிரியும் தரவு. விக்கியோ கட்டற்ற பனுவல் எழுதும் இடம். ஆயினும் அன்றைய நிலையில் இத்தெரிவு மிகச் சரியானது என்றே மதிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முன்னின்று வளர்த்த தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கிவந்ததால், தமிழில் தேடல், தமிழ்த் தலைப்புடைய முகவரி, தமிழ் இடைமுகம் ஆகியவற்றின் முட்கள் முன்னரே பெரும்பாலும் களையப்பட்டிருந்தன. உலகின் பல மூலைகளிலிருந்து பங்களிக்கும் தன்னார்வலர்களுக்கு விக்கியின் எழுதுமுறை பழக்கமாகியிருந்தது. ஒவ்வொரு நூலுக்கும் நூலக எண் என ஓர் எண் வழங்கப்பட்டமை, தலைப்பின் எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் ஆவணம் தன் அடையாளத்தை இழக்காமல் காத்தது. தாமே கூறுகளைப் பொருத்தியிருந்தால், பொருத்தியவர் விலகிய நாளில் தளமும் தளர்ந்திருக்கும். பராமரிப்போர் சிலரே இருக்கும் இடத்தில், உலகம் முழுவதும் பராமரிக்கும் பொருளைப் பிடித்துக்கொள்வது அறிவார்ந்த கஞ்சத்தனம்.

பைத்தானின் பக்கம் அன்று தமிழுக்கு உகந்ததாகவும் இருக்கவில்லை. பைத்தான் 2 பதிப்புகளில் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் கோவை; ஒருங்குறிச் சரம் என்பது வேறு வகை; இரண்டையும் சேர்க்க நேர்ந்தால் மொழி தானாகவே பைட்டுகளை ஆஸ்கி, அதாவது 127 வரையான எண்களே உடைய ஆங்கிலக் குறியீட்டு முறையாக எண்ணி மாற்ற முயலும். யூ.ரி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். அவற்றுள் முதற் பைட்டு எப்போதும் 224. ஆகவே ஆங்கிலத் தரவோடு மாதக்கணக்கில் பழுதின்றி ஓடிய தளம், முதல் தமிழ்ப் பெயர் உள்ளிடப்பட்ட கணத்தில் 224ஐ வாசிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். ஜாங்கோவே தொடக்கத்தில் பைட்டுச் சரங்களைக் கொண்டுதான் இயங்கியது. மல்கம் ரெடின்னிக்கின் உழைப்பால் 2007இல்தான் அது முழுமையாக ஒருங்குறிக்கு மாறியது. மொழி நிலையில் இச்சிக்கலைத் தீர்த்த பைத்தான் 3, 2008 டிசெம்பரில் வெளிவந்தது. ஆனால் கூறுகள் பலவும் புதிய பதிப்புக்கு மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. நான்கு கூறுகளில் ஒன்று மாறாவிட்டாலும் மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும் என்பதால், தாமே பொருத்துவோர் அனுபவித்த தாமதம் பெரிது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 சனவரி முதலாம் நாளோடுதான் முடிவுற்றது.

சரம் ஒருங்குறியானதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லைத் தமிழர் ஆறு எழுத்தாக எண்ணுவர்: யா, ழ், ப், பா, ண, ம். பைத்தான் 3 அதன் நீளத்தைப் பதினொன்று என்று சொல்லும், காலையும் புள்ளியையும் அது தனித்தனிக் குறியாக எண்ணுவதால். வட்டில் அது முப்பத்து மூன்று பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று குறிகளாக விரிவதால் தொண்ணூற்றொன்பது குறி. ஒரே சொல்லுக்கு நான்கு நீளங்கள் இருக்கையில், நூற்றலைப்புக் களத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்ற கேள்விக்கு எந்த நீளத்தைக் கொண்டு விடை சொல்வது என்பதைக் கட்டுவோர் முன்பே தீர்மானிக்க வேண்டும். லினக்ஸ் வழங்கிகளில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. தமிழில் அது எண்பத்தைந்து குறி, எழுத்தாக எண்ணினால் இன்னும் குறைவு. பழைய மலர்களுக்கும் நினைவு வெளியீடுகளுக்கும் ஈழத்தில் வைக்கப்பட்ட நெடும் பெயர்களை அறிந்தோர், கோப்புக்குத் தலைப்பைப் பெயராக இடாமல் எண்ணை இடுவதன் அருமையை உணர்வர்.

இதனினும் தொல்லை தருவது, பனுவலில் சொல்லைத் தேடிப் பிடிக்கும் கூறு. பைத்தானோடு வரும் சுருங்குறித்தொடர்க் கூற்றில் ‘சொல்லெழுத்து’ என்று ஒரு வகுப்பு உண்டு; பல சட்டகங்கள் சொல்லின் எல்லையை அதைக் கொண்டே அறிகின்றன. அவ்வகுப்பு எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் ஏற்கும். ஒருங்குறியில் ‘சார்குறி’ என வகைப்படுத்தப்பட்ட கால், கொம்பு, புள்ளி முதலியவற்றை ஏற்காது. விளைவு, ஒரு தமிழ்ச் சொல் ஒவ்வொரு புள்ளியிலும் காலிலும் வெட்டுண்டு துண்டுகளாகும். ஜாங்கோவில் தலைப்பை முகவரிக்குரிய சிறுவடிவமாக்கும் ஸ்லக்கிஃபை என்னும் செயற்கூற்றில் இதைக் கண்ணாரக் காணலாம். இயல்பு நிலையில் அது ஆங்கிலமல்லாத அனைத்தையும் நீக்குவதால் தமிழ்த் தலைப்பு வெறுமையாகிவிடும்; 2015 டிசெம்பரில் வந்த 1.9ஆம் பதிப்பில் ஒருங்குறியை அனுமதிக்கும் தெரிவு சேர்க்கப்பட்டபோதும், சார்குறிகள் உதிர்ந்து ‘யாழ்ப்பாணம்’ ‘யழபபணம’ ஆகிறது. ‘பல்’, ‘பால்’, ‘பலி’, ‘பாலை’ என்னும் நான்கு சொற்களும் ‘பல’ என்னும் ஒரே முகவரியில் வந்து மோதும். பைபையில் கிடைக்கும் ரெஜெக்ஸ் என்னும் தனிக்கூறு சார்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்வதால், இந்த ஓரிடத்தில் மட்டும் சட்டகத்தின் பகுதியை விலக்கி அதை இடுவதே தமிழ்த் தளங்களுக்கு ஏற்றது. எந்தக் கூறு வேகமானது, எது புதியது என்று ஒப்பிடும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் மலிந்துள்ளன. அவற்றில் ஒன்றும் புள்ளியை என்ன செய்கிறது என்று சோதிப்பதில்லை.

வரிசைப்படுத்தலும் அத்தகையதே. அகராதி மரபு வேரூன்றிய யாழ்ப்பாணத்தில் அகரவரிசை பிழைத்த பட்டியலை எவரும் மன்னிப்பதில்லை. ஆனால் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகள் பலவற்றையும் ஒரே அச்சில் வார்த்த இந்திய அரசின் இஸ்கி முறையிலிருந்து வந்தது. அதில் ன நகரத்தை அடுத்தும், ற ரகரத்தை அடுத்தும் நிற்கும். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே நிற்கும். குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் பைத்தானின் இயல்பான செயற்கூறு, ‘மலர்’ வருமுன் ‘மறம்’ வரவும், ‘அக்கம்’ வருமுன் ‘அகம்’ வரவும் செய்யும். இன்றைய அகராதி வழக்கில் இரண்டும் பிழை. தமிழின் ஒழுங்கை அறிந்த ஐ.சி.யு. என்னும் கூற்றைப் பைத்தானிலிருந்து அழைக்கலாம்; 2017இல் வந்த போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்தின் பத்தாம் பதிப்பு முதல் அதே ஒழுங்கைத் தரவுத்தளத்துக்குள்ளேயே அமைக்கவும் வழியுண்டு. இரண்டாவதே சிறந்தது, ஏனெனில் பல்லாயிரம் தலைப்புகளை ஒவ்வொரு கோரிக்கைக்கும் செயலிக்குள் இழுத்து வரிசைப்படுத்துவது வீண்செலவு.

இவ்வாறு பிறர் செய்த கூறுகளைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் ஒருபுறமிருக்க, தமிழுக்கென்றே பைத்தான் கூறுகள் எழுதப்பட்டதும் 2010களின் நிகழ்ச்சி. பைத்தானில் எழுதப்பட்ட எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிறரும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்னும் நிரலகம், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிப்பதற்கும், அகரவரிசையில் ஒப்பிடுவதற்கும், பாமினி, ரிஸ்கி, ராப் முதலிய பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவதற்கும் செயற்கூறுகளைத் தருகிறது. யாழ்ப்பாணத்துக் கணினிகளில் தேங்கிக் கிடந்த பாமினிக் கோப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான சாவி வேறில்லை. தமிழ்நாட்டின் த. சீனிவாசன் எழுதிய பைத்தான் நிரல், வருடப்பட்ட பக்கங்களைக் கூகிளின் எழுத்துணரிக்கு அனுப்பிக் கிடைக்கும் பனுவலை விக்கிமூலத்தில் ஏற்றியது. மீடியாவிக்கித் தளங்களில் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒரே தடவையில் திருத்தப் பயன்படும் பைவிக்கிபொட்டும் பைத்தானே. ஆகவே தளம் பி.எச்.பி.யில் நிற்க, அதற்குள் தரவு வந்து சேரும் வழிகளில் பைத்தான் வேலைசெய்யும் பிரிவினை தமிழ் மின்னூற் பணியில் தானாகவே அமைந்தது.

குடாநாட்டின் கல்வியிலும் அதே பிரிவினையைக் காணலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1991இல் கணினி விஞ்ஞானத் துறை தொடங்கியது போரின் நடுவே. பாடசாலை நிலையில், 2017இல் நடைமுறைக்கு வந்த உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டம் நிரலாக்கத்தைப் பைத்தானில் கற்பிக்கிறது; வலைவிருத்தியையோ பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் கொண்டு கற்பிக்கிறது. பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ தமிழ் மொழி மூலம் கற்கும் மாணவர் ஒருவர் பைத்தானில் பட்டியலும் மடக்கும் எழுதத் தெரிந்தவராக, அதைக் கொண்டு வலைப்பக்கம் ஒன்றை வழங்கலாம் என்பதைப் பாடத்தில் காணாதவராக வெளியேறுகிறார். அந்த இடைவெளி பல்கலைக்கழகத்திலும், யாழ் ஐ.ரி. ஹப் 2012 முதல் நடத்திய ‘யாழ் கீக் சலஞ்ச்’ போன்ற போட்டிகளிலும் நிரம்ப வேண்டியதாயிற்று.

அவ்விளைஞர்கள் வந்து சேர்ந்த வேளையில் தெரிவுகள் மாறியிருந்தன. 2010 ஏப்ரல் முதலாம் நாள், ஒரே கோப்பில் அடங்கிய சட்டகம் என்று ஆர்மின் ரொனாக்கர் செய்த முட்டாள்தின வேடிக்கை, மெய்யான தேவையொன்றைத் தொட்டுவிட்டதால் ஃபிளாஸ்க் என்னும் சிறுசட்டகமாகவே வளர்ந்தது. அது அவர் குழுவின் வேர்க்சொய்க், ஜின்ஜா2 என்னும் இரு கூறுகளின்மேல் மெல்லியதோர் இணைப்பு மட்டுமே. தரவுத்தளமும் படிவமும் கட்டுவோர் விருப்பம். கற்பதற்கு இதனினும் எளிது இல்லை. ஆனால் ஆவணக் காப்பகம், கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பாடசாலைப் பதிவேடு போன்ற உள்ளூர்த் தேவைகளுக்கு நிருவாகப் பக்கமே தளத்தின் பெரும்பகுதி என்பதால், அதை வெறும் கூறுகளிலிருந்து எழுப்புவோர் ஜாங்கோ இலவசமாகத் தருவதை உழைத்து வாங்குகிறார்கள். தனிக்கூறுகளை நாடுவோர் ஒவ்வொரு திட்டத்துக்கும் விர்ச்சுவலென்வ் எனும் தனிச்சூழலை அமைத்து, ஒவ்வொரு கூற்றின் பதிப்பெண்ணையும் கோப்பொன்றில் பூட்டி வைக்கும் ஒழுக்கத்தையாவது கைக்கொள்ள வேண்டும். இயன் பிக்கிங் 2007இலும் 2008இலும் முறையே வெளியிட்ட விர்ச்சுவலென்வும் பிப்பும் இதைச் சாத்தியமாக்கின.

முழுப்பொதியும் கூறுகளின் கூட்டே என்பதை நூலகம் நிறுவனத்தின் அடுத்த கட்டம் காட்டியது. படம், ஒலி, காணொளி, ஓலைச்சுவடி ஆகியவற்றுக்கு விக்கி போதாமையால், ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தோடு கூட்டுச் சேர்ந்து ‘ஆவணகம்’ என்னும் பல்லூடகக் காப்பகம் கட்டப்பட்டது. அதற்கு எடுக்கப்பட்டது கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006இல் தோன்றிய ஐலண்டோரா. ஐலண்டோராவின் அன்றைய வடிவம் மூன்று பெருங்கூறுகளின் பொருத்து: பக்கங்களுக்கு பி.எச்.பி.யில் எழுதிய ட்ரூபல் 7, கோப்புகளையும் மீதரவையும் காக்க ஜாவாவில் எழுதிய ஃபெடோரா கொமன்ஸ், தேடலுக்கு சோலர். ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 சனவரி 5ஆம் நாளோடு முடிந்தது; அதன்மேல் நின்ற உலகக் காப்பகங்கள் அனைத்தும் புதிய ஐலண்டோராவுக்கோ வேறொன்றுக்கோ இடம்பெயர வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாயின. புதிய ஐலண்டோராவில் தரவைத் திரளாக ஏற்றுவதற்குப் பயன்படும் வேர்க்பெஞ்ச் என்னும் கருவி பைத்தானில் எழுதப்பட்டது. அது கேட்கும் தரவு இரண்டே: கோப்புகள் உள்ள ஓர் அடைவும், ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரியாக அடையாள எண்ணும் தலைப்பும் பிற களங்களும் நிரப்பிய ஓர் அட்டவணைக் கோப்பும். அவ்வட்டவணையின் தலைப்புக் களத்தில் இருப்பது ஒருங்குறித் தமிழாயின் அது அப்படியே ஏறும். பாமினியாயின் கொம்பு வேறு, கால் வேறாகப் பிரிந்து கிடப்பதைக் கோக்கும் பழைய வேலையை முதலில் முடித்துவிட்டே வர வேண்டும்.